பீஃப் கொத்துக்கறி: கடையில் எடுப்பது முதல் ராத்திரிச் சாப்பாடு வரை

ஊரில் கைமா வாங்குவது என்றால் கறிக்கடை முன்னால் நின்று, தொங்குகிற தொடையில் ஒரு துண்டைக் காட்டி, "இதைக் கைமா போட்டுக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பது. நான் இருக்கும் ஹூஸ்டனில் அது சூப்பர்மார்க்கெட்டின் குளிர் அலமாரியில், தட்டில் வைத்து மேலே பிளாஸ்டிக் ஒட்டி, 80/20 என்று எண் போட்டுத் தயாராக இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், குணம் வேறு. ஆனால் நாம் இரண்டையும் ஒரே மாதிரிதான் சமைக்கிறோம்.

மட்டன் கைமாவுக்கு வீட்டில் பார்த்துப் பழகிய வழி இது: எண்ணெயில் பட்டை கிராம்பு, வெங்காயம், தக்காளி, மசாலா, கடைசியில் கறியைக் கொட்டி மூடி வைத்துவிடுவது. சூப்பர்மார்க்கெட் கொத்துக்கறியை அப்படிச் செய்தால் அது சாம்பல் நிறத்தில், பிசிறு பிசிறாக, தண்ணீரில் வேகவைத்த வாடையோடு வந்து நிற்கும். எங்கள் வீட்டில் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. பிள்ளைகள் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கறியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். மசாலாவைக் கூட்டிப் பார்த்தேன், மிளகு சேர்த்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மாற வேண்டியிருந்தது வரிசை. கறி முதலில், தனியாக, அதன் தண்ணீர் முழுக்க வற்றிச் சிவக்கும் வரை. மசாலா அதற்கு அப்புறம்தான். இதை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே உள்ள மற்றதையெல்லாம் மறந்தாலும் உங்கள் சமையல் மாறிவிடும்.

முதலில் அந்த எண்

80/20 என்றால் எடையில் 80 பங்கு கொழுப்பில்லாத சதை, 20 பங்கு கொழுப்பு. அமெரிக்கக் கடைகளில் 73/27 தொடங்கி 96/4 வரை பார்க்கலாம். எது நல்லது என்று கேட்டால் பதில் இல்லை. என்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

சோற்றுக்கும் சப்பாத்திக்கும் பிரட்டலாகச் செய்ய 85/15 எடுங்கள். கறி தன் கொழுப்பிலேயே வதங்கும், அதே சமயம் குழம்பு மேல் எண்ணெய் குளம் கட்டாது. ஒரு பொட்டலம்தான் வாங்க முடியும் என்றால் நான் எடுப்பது இதைத்தான். பர்கருக்கு 80/20. கொழுப்பு குறைந்தால் பர்கர் வறண்ட அட்டை போல ஆகிவிடும். கோலா உருண்டை, கட்லெட் மாதிரி கெட்டியாகப் பிடித்து எண்ணெயில் போடுவதற்கு 90/10 அல்லது 93/7. கொழுப்பு அதிகம் உள்ள கறியில் உருண்டை பிடித்தால் பொரிக்கும்போது கொழுப்பு உருகி வெளியே வர, உருண்டை விண்டுபோகும்.

73/27 விலை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. அதை உருக்கி வடித்துவிட்டுச் சட்டியில் மிஞ்சுவதைப் பார்த்தால் மிச்சம் பிடித்த காசு அவ்வளவாக இல்லை என்று தெரியும்.

வீட்டில் யாருக்காவது கொழுப்பு குறைக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு உதவும்: பச்சையாக 100 கிராம் 80/20 கறியில் சுமார் 254 கலோரி, 93/7 கறியில் சுமார் 152 கலோரி.

பொட்டலத்தில் எழுதியிருக்கும் பெயரையும் கவனியுங்கள். 'கிரவுண்ட் பீஃப்' என்று இருந்தால் தனியாகக் கொழுப்பு சேர்க்கக் கூடாது, 'ஹாம்பர்கர்' என்று இருந்தால் சேர்க்கலாம். இரண்டிலும் மொத்தக் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தண்ணீர் சேர்க்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. 'கிரவுண்ட் சக்' என்றால் தோள், கழுத்துப் பக்கத்துக் கறி. கொழுப்பும் ருசியும் உள்ளது. 'ரவுண்ட்' என்றால் பின்தொடை. கொழுப்பு குறைவு. 'சர்லாயின்' இடுப்புப் பக்கம், விலை கூடுதல். மசாலா போட்டுப் பிரட்டும் சமையலுக்கு சர்லாயின் வாங்குவது தேவையில்லாத செலவு என்பது என் எண்ணம்.

கனடாவில் எண்ணுக்குப் பதில் சொல்லால் பிரித்திருக்கிறார்கள்: ரெகுலர் என்றால் கொழுப்பு 30 சதவீதம் வரை, மீடியம் 23 வரை, லீன் 17 வரை, எக்ஸ்ட்ரா லீன் 10 வரை. நம் பிரட்டலுக்கு லீன் சரியாக இருக்கும். பிரிட்டனில் 'மின்ஸ்' என்பார்கள், கொழுப்பு சதவீதத்தையே நேராகப் போட்டிருப்பார்கள். 5, 12, 20 என்று கிடைக்கும். அங்கே 12.

பக்கத்தில் ஹலால் கறிக்கடை இருந்தால் அங்கே போவதுதான் எனக்குப் பிடிக்கும். தோள்கறியில் ஒரு துண்டைக் காட்டி, வெள்ளைச் சவ்வை நீக்கச் சொல்லி, கண்முன்னால் அரைத்து வாங்கலாம். பிரட்டலுக்கு ஒரு தடவை அரைத்தால் போதும், கடிக்கக் கறி தட்டுப்படும். கோலாவுக்கு இரண்டு தடவை அரைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வாங்குபவர்களுக்கும் இதே யோசனைதான். ஒரு வித்தியாசம், நம் ஊர்க் கடையில் கிடைப்பது எருமைக் கறியாக இருந்தால் கொழுப்பு மிகக் குறைவு. அதற்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக வேண்டும், வேகும் நேரமும் கூடும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பொட்டலத்தைப் பிரித்தால் மேலே பளிச்சென்று சிவப்பு, உள்ளே பழுப்பு கலந்த சாம்பல். பழைய கறியைப் புதுக்கறியால் மூடி விற்றுவிட்டார்கள் என்று பலர் கோபப்படுவார்கள். அப்படியில்லை. கறியின் நிறமி காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டால்தான் சிவக்கும். உள்ளே காற்று போகாது, அதனால் அந்த நிறம். ஆனால் மேலும் கீழும் முழுக்கப் பழுப்பாகி, தொட்டால் வழவழவென்று, புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். மசாலா போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியது மூன்று: பொட்டலத்தைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், பிளாஸ்டிக் எங்கும் கிழிந்திருக்கக் கூடாது, தட்டின் மூலையில் சிவப்புத் தண்ணீர் அதிகம் தேங்கியிருக்கக் கூடாது. கறியைக் கடைசியாக எடுங்கள், தனிப் பையில் போட்டு வண்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். காய்கறி மேல் வைத்து அதன் நீர் கொத்தமல்லிக் கட்டில் சொட்டினால், அந்த மல்லியை நாம் பச்சையாகத் தூவப் போகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

குளிர்ச்சி இல்லாமல் கறி வெளியே இருக்கலாம் என்பது அதிகபட்சம் இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஹூஸ்டன் கோடையில் காருக்குள் அந்தச் சூடு சில நிமிடத்தில் ஏறிவிடும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் காரில் ஒரு ஐஸ் பெட்டி எப்போதும் கிடக்கும்.

ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே பச்சைக் கொத்துக்கறி ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். முழுத்துண்டுக் கறி இன்னும் சில நாள் இருக்கும், இது இருக்காது. காரணம் எளிது: துண்டுக்கறியில் கிருமி இருந்தால் மேல்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அந்த மேல்பரப்பு உள்ளுக்குள் போய்க் கலந்துவிடுகிறது. இந்தக் காரணத்தைப் பின்னால் பர்கர் பகுதியில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும், நினைவில் வையுங்கள்.

பெரிய பொட்டலம் வாங்குவது மலிவு. 3 பவுண்டு, அதாவது 1.36 கிலோ வாங்கினால் வந்த அன்றே மூன்றாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பங்கு 450 கிராம் சொச்சம். நான்கு பேருக்கு ஒரு ராத்திரிக்கு அது சரியான அளவு. ஒவ்வொரு பங்கையும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியே தள்ளி, சப்பாத்திக் கட்டையால் விரல் தடிமனுக்குத் தட்டையாக்குங்கள். தேதியும் 80/20-ஆ 90/10-ஆ என்பதையும் பை மேல் எழுதுங்கள். ஃப்ரீசரில் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கலாம், நான்கு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். உருண்டையாக உறைந்த கறி வெளியே இளகி உள்ளே கல்லாக நிற்கும். தட்டையாக உறைந்தது சீக்கிரம் முழுசாக இளகும்.

இளக வைக்க முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது நல்லது. மறந்துவிட்டால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தயார், நடுவில் ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், சமையல் மேடையில் நாள் முழுக்க வைப்பதும் வேண்டாம். மைக்ரோவேவில் இளக வைத்தால் உடனே சமைத்துவிட வேண்டும்.

கழுவலாமா?

வேண்டாம். இதைச் சொன்னால் எங்கள் அம்மா இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். கறி என்றால் மஞ்சள் தூள் போட்டு மூன்று தண்ணீர் அலசித்தான் அவருக்குப் பழக்கம். முழுத்துண்டு ஆட்டுக்கறிக்கு, எலும்புத் துகளும் முடியும் ஒட்டியிருக்கும் ஊர்க் கறிக்கு, அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அரைத்த கறியைக் கழுவினால் நடப்பது வேறு. சாறும் ருசியும் தண்ணீரோடு போகும். நுண்ணிய கறித்துகள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் சட்டியில் அது வதங்காது, வேகும். தெறிக்கும் தண்ணீர் தொட்டி முழுக்கக் கிருமியைப் பரப்பும். கிருமியைக் கொல்வது சூடு, தண்ணீர் அல்ல.

கவுச்சி வாடை பற்றித்தான் கவலை என்றால், அதைப் போக்குவது சட்டியில் நடக்கிறது. மஞ்சள் தூளை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

சட்டியில் நடப்பது

பச்சைக் கறியில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் சட்டியில் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து, வறுத்த வாசனை வருவதற்கு மேல்பரப்பு 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆக, தண்ணீர் வற்றும்வரை நீங்கள் எவ்வளவு நேரம் கிளறினாலும் அது அவியல்தான்.

அகலமான இரும்புச் சட்டியை எடுங்கள், 30 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் 450 கிராமுக்குச் சரி. சின்ன வாணலி என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். நேரம் இருந்தால் ஒரு வேலை செய்யலாம்: கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கறியில் லேசாகப் பிசறி 15 நிமிடம் வைத்தால், கறி தன் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கும். அளவு கூடினால் சோப்பு மாதிரி ருசி வரும், அதனால் கால் தேக்கரண்டிதான்.

சட்டி நன்றாகக் காயட்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய். கறியை உதிர்க்காமல், தட்டையான துண்டாகவே, இரண்டாகப் பிட்டு வையுங்கள். கை வைக்காதீர்கள். நான்கு நிமிடம். நமக்குக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கம், அதை அடக்குவதுதான் கஷ்டம். அடியில் தோசை முறுகுவது மாதிரி ஒரு பழுப்பு ஏடு பிடித்திருக்கும். அப்போது திருப்பிப் போட்டு, இன்னும் மூன்று நிமிடம் விட்டு, பிறகு மரக்கரண்டியால் உடைக்க ஆரம்பியுங்கள்.

இப்போது காதைக் கொடுங்கள். உடைத்ததும் தண்ணீர் கசியும். சட்டியில் சளசளவென்று கொதிக்கிற சத்தம், வெள்ளை ஆவி. கறி சாம்பல் நிறத்தில் இருக்கும். பலர் இந்த இடத்தில் 'கறி வெந்துவிட்டது' என்று நினைத்து மசாலாவைக் கொட்டிவிடுகிறார்கள். பொறுங்கள். ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் ஆவி மெலியும், சத்தம் மாறும். சளசளப்பு போய், வடை சட்டி மாதிரி சடசடவென்று எண்ணெயில் பொரிகிற சத்தம் வரும். அதுதான் தண்ணீர் தீர்ந்ததற்கு அடையாளம். அதற்கப்புறம் இன்னும் மூன்று நான்கு நிமிடம் விட்டால் ஓரங்கள் கருஞ்சிவப்பாக முறுகும், அடுக்களை வாசனையே மாறிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைத் தீய்ந்துபோனது என்று சுரண்டி எறியாதீர்கள். குழம்புக்கு ருசி தருவது அதுதான்.

கறியை மட்டும் அரித்தெடுத்து ஒரு தட்டில் வையுங்கள். சட்டியில் இரண்டு மேசைக்கரண்டிக் கொழுப்பை விட்டுவிட்டு மீதியைக் கரண்டியால் எடுத்து ஒரு காலி டப்பாவில் ஊற்றுங்கள். தொட்டியில் ஊற்றக் கூடாது, மாட்டுக் கொழுப்பு குழாய்க்குள் போய் மெழுகு போல உறைந்து அடைத்துவிடும். டப்பாவில் உறைந்ததும் குப்பையில் போடுங்கள்.

கொத்துக்கறிப் பிரட்டல், நான்கு பேருக்கு

வறுத்து வைத்த 450 கிராம் கறி இருக்கிறது. மற்றவை: ஒரு பெரிய வெங்காயம் (அமெரிக்க வெங்காயம் ஒன்று நம் ஊர் வெங்காயம் இரண்டு மூன்றுக்குச் சமம்), ஒரு தக்காளி, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி, மல்லித் தூள் இரண்டு, மஞ்சள் தூள் கால், உப்பு முக்கால் தேக்கரண்டி, பட்டை ஒன்று, கிராம்பு இரண்டு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. மிளகு ஒரு தேக்கரண்டியும் சோம்பு அரைத் தேக்கரண்டியும் வெறும் சட்டியில் வாசனை வர வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். இதைக் கடைப்பொடியில் வாங்காதீர்கள். மாட்டுக்கறிக்குப் புதிதாகப் பொடித்த மிளகுதான் எடுப்பு.

சட்டியில் இருக்கும் அதே கொழுப்பில் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை. பொரிந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் உப்பும். வெங்காயம் விடும் ஈரத்தில் அடியில் பிடித்த பழுப்பு தானாக இளகி வரும், கரண்டியால் தேய்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம் பொன்னிறம் தாண்டிச் சிவக்க எட்டு நிமிடமாவது ஆகும். இஞ்சி பூண்டு விழுதை இரண்டு நிமிடம் பச்சை வாசனை போக வதக்குங்கள். தக்காளியை மசிய விடுங்கள். தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை பிரட்டுங்கள்.

இப்போது கறி உள்ளே. அரைக் கோப்பை சுடுதண்ணீர் ஊற்றி, மூடி, சின்னத் தீயில் 12 நிமிடம். முதலில் தண்ணீரை வற்றச் செய்தோம், இப்போது மறுபடி ஊற்றுகிறோமே என்று கேட்கலாம். முறுகிய கறி இப்போது மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும், ருசி முன்பே பிடித்துவிட்டதால் அது கரைந்து போகாது. அந்த 12 நிமிடத்தில் ரசத்துக்குப் புளியைக் கரைத்து வைத்துவிடலாம். கடைசியில் மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, மிளகு சோம்புப் பொடியைத் தூவி, சட்டியோடு ஒட்டிப் பிரியும் பதத்துக்குப் பிரட்டி இறக்குங்கள். பல்லு பல்லாக நறுக்கிய தேங்காய் ஒரு கைப்பிடி வெங்காயத்தோடு சேர்த்து வதக்கினால் இன்னும் நன்றாக இருக்கும். எலுமிச்சை தட்டில் வைத்துப் பிழிந்துகொள்வதற்கு.

ரசம் சோறு, இந்தப் பிரட்டல், ஒரு முட்டைக்கோஸ் பொரியல். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு இதுதான். சின்னப் பிள்ளைகளுக்கென்றால் மிளகாய்த் தூளைப் பாதியாக்கி, பொடியாக வெட்டிய உருளைக்கிழங்கும் பட்டாணியும் சேர்த்து அந்த 12 நிமிடத்தை 18 ஆக்குங்கள். காரம் அடங்கும், கறியும் இரண்டு பேருக்குக் கூடுதலாக வரும்.

கோலா உருண்டை

கோலாவுக்கு ஆட்டுக்கறிதான் மரபு, ஆனால் 93/7 பீஃபில் அது மிகச் சிறப்பாக வரும். 450 கிராம் கறியை இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள், உப்பு போட்டுச் சட்டியில் தண்ணீர் சுத்தமாக வற்றும்வரை வதக்கி ஆற விடுங்கள். சிவக்க வேண்டியதில்லை, வற்றினால் போதும். மிக்சியில் பொட்டுக்கடலை நான்கு மேசைக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி, பச்சை மிளகாய் மூன்று, தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி போட்டுப் பொடித்து, அதோடு ஆறிய கறியைச் சேர்த்து இரண்டே சுற்று. விழுதாக்கிவிடாதீர்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு முட்டை சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிதமான சூட்டில் எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம்.

உருண்டை எண்ணெயில் உடையாமல் இருக்க வாழைநாரால் சுற்றிக் கட்டுகிற வழக்கம் உண்டு. நார் கிடைக்காத ஊரில் முட்டையும் பொட்டுக்கடலையும் ஃபிரிட்ஜும் அந்த வேலையைச் செய்துவிடும். முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். உடைந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. கறி முன்பே வெந்துவிட்டதால் உள்ளே பச்சையாக இருக்குமோ என்ற பயம் இல்லை, பிள்ளைகளை உருட்டச் சொல்லலாம்.

இதே வதக்கிய கறியில் மசித்த உருளைக்கிழங்கும் மிளகும் சேர்த்து, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டினால் இலங்கைக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் தட்டுத் தட்டாக அடுக்கும் கட்லெட். அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

பர்கர் கேட்கும் பிள்ளைகளுக்கு

450 கிராம் 80/20 கறியை நான்காகப் பிரித்து, அழுத்திப் பிசையாமல் வடை போலத் தட்டுங்கள். நடுவில் பெருவிரலால் ஒரு குழி, இல்லாவிட்டால் வேகும்போது உப்பிப் பந்தாகும். உப்பும் மிளகும் சட்டியில் போடுவதற்கு முன் மேலே மட்டும் தூவுங்கள். உப்பை உள்ளே கலந்து பிசைந்தால் கறியின் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ரப்பர் மாதிரி இழுபடும். உருண்டைக்கு நல்லது செய்கிற அந்த ஒட்டும் குணம் பர்கரைக் கெடுக்கும்.

சூடான சட்டியில் ஒரு பக்கம் நான்கு நிமிடம், மறுபக்கம் நான்கு நிமிடம் என்பது தோராயக் கணக்கு. முடிவு சொல்ல வேண்டியது வெப்பமானி. பக்கவாட்டில் குத்தி நடுவில் 71 டிகிரி செல்சியஸ், அமெரிக்க அளவில் 160 டிகிரி ஃபாரன்ஹீட், காட்ட வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு போய்விட்டதா என்று பிட்டுப் பார்ப்பது போதாது. சில கறி 71-ஐத் தொடும் முன்பே பழுப்பாகிவிடும், சிலது நன்றாக வெந்தும் இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

அரைக்கும்போது கிருமி உள்ளே போகிறது என்று சொன்னேனே, அது இங்கேதான் முக்கியம். 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கரில் இருந்த ஈ. கோலை ஓ157 என்ற கிருமியால் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அடுத்த வருடமே அமெரிக்க அரசு அந்தக் கிருமி உள்ள கொத்துக்கறியை விற்கவே கூடாது என்று அறிவித்தது. சின்னக் குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது அது. ஹோட்டலில் ஸ்டேக்கை அரைவேக்காட்டில் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள், அதில் கிருமி மேலே மட்டும் இருக்கும், சட்டியில் பட்டதும் சாகும். பர்கருக்கு அந்தக் கணக்கு செல்லாது. வெப்பமானி விலை இரண்டு பொட்டலம் கறியின் விலைதான். வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம் ஒன்று வாங்கி வையுங்கள். பிரட்டலுக்கு இது தேவையில்லை, உதிர்ந்த கறி அத்தனை நேரம் வதங்கிக் கொதிப்பதில் சூடு தாராளமாகத் தாண்டிவிடும்.

மிச்சம் இருந்தால்

சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் அல்ல, அகலமான டப்பாவில், சீக்கிரம் குளிரட்டும். மூன்று நான்கு நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போது ஆவி பறக்க, 74 டிகிரி வரை சுட வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பிரட்டல் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகச் செய்வது மறுநாள் கறி தோசைக்காகத்தான். மதுரைப் பக்கம் செய்வது மாதிரி, கல்லில் சற்றுத் தடிமனாகத் தோசையை ஊற்றி, மேலே ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி, அது இறுகுவதற்குள் சூடாக்கிய கொத்துக்கறியை இரண்டு கரண்டி போட்டு லேசாக அழுத்துங்கள். ஓரத்தில் எண்ணெய் விட்டு, அடி முறுகியதும் ஒரே வீச்சில் திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். கறிப்பக்கம் கல்லில் பட்டுச் சடசடவென்று சத்தம் கேட்டதும் எடுத்துவிடலாம்.